கார் கழுவுதலும் கணக்கில் வராத கைகளும்

ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தருமாறு கேட்கப்பட்டு, நான் எழுத மறுத்த கதை இது. மறுத்தமைக்கான காரணத்தை உரியவரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அவரைப் போலச் சிந்திக்கும் நம்மவர் பலரைச் சந்தித்த பின்னர், விடயத்தைப் பகிரங்கமாக எழுதுவதே நல்லது என்று தோன்றிற்று. அவரது பெயரோ அவருடைய நிலையத்தின் பெயரோ இங்கு வராது. அவர் கெட்ட மனிதரல்லர். ஊர்க் கோயிலுக்கும் படித்த பாடசாலைக்கும் அள்ளிக் கொடுப்பவர். வாதம் அவர் சொன்ன நியாயங்களோடுதான்.

2025 ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் என் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். என்னோடு படித்த நண்பனின் தம்பி அங்கே சுயசேவைக் கார் கழுவும் நிலையம் ஒன்றை நடத்துகிறார். நம்மூரில் காரைக் கழுவுவதென்றால் சேர்விஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விடுவோம். முழங்காலுக்கு மேல் காற்சட்டையை மடித்த இரண்டு பையன்கள் கழுவித் தருவார்கள். அங்கே அப்படியில்லை. வரிசையாக ஐந்தாறு கொட்டகைகள். காரை உள்ளே விட்டு, சுவரிலுள்ள பெட்டிக்குள் ஒரு டொலர் நாணயங்களைப் (லூனி என்பார்கள்) போட்டால் அழுத்தத்தோடு நீர் பாயும் துப்பாக்கி உயிர்பெறும். சவர்க்கார நீர், நுரைத் தூரிகை, அலசும் நீர், மெழுகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். நேரம் ஓடிக்கொண்டிருக்கும், முடிந்தால் மீண்டும் நாணயம். வெளியே உறிஞ்சுகருவிகள், அவற்றுக்கும் நாணயம். பனிக்காலத்தில் துப்பாக்கி முனையில் நீர் உறைந்துவிடாதிருக்க அதனை எந்நேரமும் மெல்லிதாக ஒழுகவிட்டிருப்பார்கள். வீதியிற் கொட்டும் உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்ற பயத்தில், கை விறைக்கும் குளிரிலும் மனிதர்கள் தாமே நின்று கழுவுகிறார்கள்.

“நித்திரை கொண்டாலும் காசு விழும் அண்ணை” என்றார் தம்பி. மெய்தான். வேலையாள் என்று ஒருவரும் இல்லை. கூலி, விடுமுறை, சுகவீனம், முறைப்பாடு எதுவுமில்லை. வேலை செய்பவர் வாடிக்கையாளர். அதற்குக் காசு கொடுப்பவரும் அவரே. முதலாளி செய்வது இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதும் வடிகுழியில் சேரும் சேற்றை அள்ளுவிப்பதுந்தான். இத்தொழிலில் எனக்கு எந்த ஆட்சேபனையுமில்லை.

ஆட்சேபனை இதற்கு அப்பால். தம்பி கடைசிக் கொட்டகைக்குக் கதவு போட்டு அடைத்து, வெப்பமூட்டி, அங்கே ‘டீற்றெயிலிங்’ சேவை தொடங்கியிருந்தார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு நுணுக்கமாகச் செய்தல் என்று பொருள். ஆசனத் துணியிலுள்ள கறையை நீராவியாற் பிடுங்குவது, காற்றுத் துவாரத்தின் இடுக்குகளைச் சிறு தூரிகையாற் துடைப்பது, வர்ணத்தில் ஒட்டியிருக்கும் துகள்களைக் களிமண் போன்ற கட்டியால் உரசி எடுப்பது, சுழலும் மெசினால் பொலிஷ் பிடிப்பது, பின்னர் மெழுகு. பரீட்சார்த்தமாக ஒரு மாதம் நடத்திவிட்டு, கோடைக்குமுன் தமிழ்க் கடைகளில் துண்டுப்பிரசுரம் வைக்க வேண்டுமென்று என்னை அழைத்தார். “நீங்கள் பேப்பர்க்காரன். நல்ல தமிழிலை நாலு வரி எழுதித் தாங்கோ.”

எழுதுவதற்குமுன் விபரம் கேட்பது என் தொழிற்பழக்கம். கணக்குப் புத்தகத்தையே காட்டினார். பொலிஷ் மெசின், ஆசனம் கழுவும் மெசின், நீராவி மெசின், மெழுகு, துவாலைகள், கதவு, வெப்பமூட்டி என்று சதம் சதமாக எழுதியிருந்தார். கூலி என்ற தலைப்பில் மட்டும் எதுவும் இல்லை. கேட்டேன். “அதுக்கு ரெண்டு பெடியங்கள் நிக்கிறாங்கள் அண்ணை. காருக்கு ஆளுக்கு அறுபது. கைக்காசு.”

முழுமையான சேவைக்கு அவர் வைத்திருந்த விலை 249 டொலர். இரண்டு பேர் நின்றால் ஒரு காருக்கு ஐந்து மணித்தியாலம் என்று அவரே சொன்னார். ஆக, பத்து மணித்தியால உழைப்புக்கு 120 டொலர்; மணிக்குப் பன்னிரண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி அந்நேரம் 17.20 டொலர் (2025 ஒக்டோபர் முதலாந் திகதியுடன் அது 17.60 ஆயிற்று). பத்து மணித்தியாலத்துக்கு 172 டொலர். நூற்றுக்கு நான்கு வீத விடுமுறைக் கொடுப்பனவையும் சேர்த்தால் 178.88. ஒவ்வொரு காரிலும் ஏறத்தாழ 59 டொலர் அந்த இரு பையன்களிடமிருந்தும் எடுக்கப்படுகிறது. ஓய்வூதியத் திட்டத்துக்கும் வேலையின்மைக் காப்புறுதிக்கும் முதலாளி செலுத்தவேண்டிய பங்கை நான் இதிற் சேர்க்கவில்லை.

இது கார் நிற்கும் நேரத்துக் கணக்கு மட்டுமே. கார் இல்லாத நேரம்? முதலாளி உள்ளே தொலைபேசியோடு இருந்தபோது அந்தப் பையன்களில் ஒருவரோடு கதைத்தேன். வவுனியாப் பக்கத்தைச் சேர்ந்தவர்; கல்லூரியொன்றில் படிக்க வந்தவர்.

“காலமை எட்டுக்கு வந்தனான் ஐயா. மழையெண்டபடியால் காரொண்டும் வரேல்லை. பன்ரண்டரை மட்டும் இருந்தனான்.”

“அந்த நேரத்துக்குக் காசு?”

“கார் வந்தால்தானே ஐயா.”

ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தராதரங்கள் சட்டம் 2000 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. அச்சட்டமும் அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் இவ்விடயத்தில் எந்தக் குழப்பத்துக்கும் இடம்வைக்கவில்லை. வேலைத்தலத்தில் காத்திருக்கும்படி பணிக்கப்பட்ட நேரமும் வேலை நேரமே. வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரை வரச் சொல்லிவிட்டு, ஆள் வரவில்லையென ஒரு மணித்தியாலத்திற் திருப்பி அனுப்பினாலும் மூன்று மணித்தியாலச் சம்பளம் கொடுக்கவேண்டும் (புயல், தீ, மின்தடை போன்ற முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு விலக்குண்டு). துண்டுக் கணக்கிற் கூலி கொடுப்பது குற்றமன்று; ஆயின் அது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது. வேலை செய்த நேரத்தை எழுதிவைத்து மூன்று வருடங்கள் பாதுகாக்க வேண்டும். தம்பியிடம் மெழுகு டப்பாவுக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. பையன் வந்த நேரம், போன நேரம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தம்பியின் முதலாவது பதில்: “அவங்கள் என்ரை வேலைக்காரரில்லை, கொன்ட்ராக்ரர்.” மெசின் யாருடையது? தம்பியுடையது. விலையைத் தீர்மானிப்பவர்? தம்பி. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதைச் சொல்பவர்? தம்பி. பையன் கொண்டுவருவது தன் இரண்டு கைகளையும் மதியச் சோற்றுப் பெட்டியையுந்தான். வேலையாளை வேலையாள் இல்லையென்று பெயர் மாற்றுவதையே ஒன்ராறியோ 2017 இன் சட்டத்திருத்தத்தில் வெளிப்படையாகத் தடைசெய்துவிட்டது.

இரண்டாவது பதில்தான் முக்கியமானது. “சட்டப்படி குடுத்தால் எனக்கென்ன மிஞ்சும் அண்ணை?” நியாயமான கேள்விதான். 249 இல் 178.88 போனால் எழுபது டொலர். அதில் மருந்து, மின்சாரம், வெப்பம், முதலாளியின் பங்குகள். மிஞ்சுவது அற்பமே. இதிலிருந்து அவர் கண்ட முடிவு, சட்டப்படி கொடுக்க முடியாது என்பது. நான் காணும் முடிவு, 249 டொலருக்கு அந்தச் சேவை உலகில் இல்லை என்பது. 340 என்று போடுங்கள். வராவிட்டால் அந்தக் கொட்டகைக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடியும் நாணயப் பெட்டியை மாட்டுங்கள். பக்கத்து வீதிக்காரன் 229 என்று விளம்பரம் போடுகிறானே என்பது பதிலாகாது. அவனிடம் நிற்பவனுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று நான் கேட்டேன். தம்பிக்குத் தெரிந்திருந்தது, ஆனாற் சொல்லவில்லை.

சுயசேவை நிலையம் நடத்துவோர் டீற்றெயிலிங்கைச் சேர்க்கும்போது தவறுவது இவ்விடத்திலேயே. இன்னுமொரு மெசினைச் சேர்ப்பதாக எண்ணுகிறார்கள். மெசினுக்கு நாணயம் விழும் நேரத்துக்கு மட்டுந்தான் செலவு. நிற்கும் நேரத்துக்கு அது எதுவும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தையே மனிதனுக்கும் பிரயோகிக்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் கலிபோர்னிய மாநிலத்தின் சட்டம் கூர்மையாகக் கண்டிருக்கிறது. கார் கழுவும் தொழிலாளரின் கூலி பெருமளவில் ஏமாற்றப்படுவதைக் கண்டு, 2003 இல் அங்கே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். முதலாளி தொழில் ஆணையாளரிடம் பதிய வேண்டும். பிணைப்பணம் காட்ட வேண்டும். 2014 முதல் அப்பிணை 150,000 டொலராக உயர்த்தப்பட்டது. தொழிற்சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. சுயசேவை நிலையங்கள் அச்சட்டத்துக்கு உட்படுவதில்லை, காசாளரும் பராமரிப்பாளரும் மட்டுமே அங்கு வேலைக்கு இருக்கும்வரை. காரைத் துடைக்க ஒருவனை நிறுத்திய அன்றே அந்த விலக்கு போய்விடும். கனடாவுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தம்பி எந்த இடத்திற் கோட்டைத் தாண்டினார் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான ஏற்பாடு எனக்குக் கிடைக்கவில்லை. பிரித்தானியாவிலும் 2018 இல் நாடாளுமன்றத்தின் சுற்றாடல் கணக்காய்வுக் குழு கையாற் கார் கழுவும் நிலையங்களை விசாரித்து, கழிவுநீரையும் தொழிலாளர் சுரண்டலையும் ஒரே அறிக்கையில் எழுதி, உரிம முறையைப் பரீட்சித்துப் பார்க்குமாறு சிபாரிசு செய்தது.

கழிவுநீரும் இதில் உண்டு. கொட்டகைக்குள் விழும் நீர் வடிகுழியில் சேறும் எண்ணெயும் பிரிக்கப்பட்டுச் சாக்கடைக்குப் போகிறது. இடம் போதாமல் வெளித்தளத்தில் வைத்துச் சில்லுகளைக் கழுவினால், அது மழைநீர் வடிகாலில் இறங்கி ஓடைக்கும், அதன்வழி ஒன்ராறியோ ஏரிக்கும் போகும். அங்கே அவர்கள் குடிக்கும் நீர் அவ்வேரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இதைச் சொன்னபோது தம்பி உடனே ஏற்றுக்கொண்டார். மாநகரசபை அபராதம் போடும் என்று அவருக்குத் தெரியும்.

சில்லு என்றதும் நினைவுக்கு வருவது அந்தப் பையனின் கைகள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. போட்டிருந்தவை பலசரக்குக் கடையில் பெட்டியாக விற்கும் மெல்லிய கையுறைகள், ஒன்றிற் கிழிசல். அலுமினிய றிம் பளபளக்கத் தெளிக்கும் திரவம் எதுவென்று பார்த்தேன். பெரிய கொள்கலனிலிருந்து சிறு போத்தலுக்கு மாற்றியிருந்தார்கள். போத்தலில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. இவ்வகைத் திரவங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதனைத் தரும் அமோனியம் பைபுளோரைட்டோ இருக்கும். மற்ற அமிலங்கள் பட்ட உடனே சுடும், கையை இழுத்துக்கொள்வோம். இதன் ஐதான கரைசலோ முதலில் வலிப்பதில்லை. தோலுக்குள் இறங்கி உடலின் கல்சியத்தோடு சேர்ந்து, மணித்தியாலங்கள் கழித்துத்தான் வலியைக் காட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை கார், லொறி கழுவும் இடங்களில் இவ்வமிலத்தால் காயமுற்ற 48 பேரைக் கணக்கெடுத்து 2015 இல் வெளியிட்டார்கள். எழுவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர், இருவருக்குச் சத்திரசிகிச்சை. முதலுதவிக்குக் கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு கைவசம் இருக்க வேண்டும். தம்பியின் போத்தலில் இருந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. அது என்னவென்று அதைத் தெளிக்கும் பையனுக்கும் தெரியாது, வாங்கிய தம்பிக்கும் தெரியாது. வேலைத்தலத்திற் பயன்படுத்தும் இரசாயனத்துக்குச் சுட்டுத்துண்டும் பாதுகாப்புத் தரவுத்தாளும் இருக்கவேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டமே.

(இடையில் ஒன்று. டீற்றெயிலிங்குக்கு வரும் கார்கள் பலவற்றில், வெயிலிற் பார்த்தால் சிலந்திவலை போன்ற மெல்லிய கீறல்கள் தெரியும். காரணம் பெரும்பாலும் அதே நிலையத்தின் நுரைத் தூரிகை. முன்னால் வந்தவர் அதனாற் சேற்றுச் சில்லைத் தேய்த்திருப்பார். மணல் தூரிகையில் இருக்கும். அடுத்தவர் அதனாலேயே தன் காரின் முகத்தைத் தேய்ப்பார். அந்தக் கீறலைப் போக்கப் பொலிஷ் மெசினால் வர்ணத்தின் மேற்படையை மெல்லச் சீவ வேண்டும். அப்படை மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்களவே தடிப்பானது. ஐந்து டொலருக்குக் கீறிவிட்டு 249 டொலருக்குத் திருத்துகிறீர்கள் என்றேன். தம்பி வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.)

நிற்க. அவருடைய மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். இதைத்தான் நான் ஸ்காபரோவில் வேறு பலரிடமும் கேட்டேன். லண்டனிலும் பாரிஸிலும் இதுவே சொல்லப்படுவதாக நண்பர்கள் எழுதுகிறார்கள். “நாங்களும் இப்பிடித்தானே வந்தனாங்கள். நான் கோப்பை கழுவேல்லையோ?”

கழுவினார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். 1986 ஓகஸ்டில் 155 தமிழர்கள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டதை அடுத்து, கனடாவில் தமிழர் என்றோர் இனம் இருப்பது பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கிய காலம். ஓர் உணவகத்தின் பின்கட்டில் அவர் கோப்பை கழுவிய கதையை எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அந்த உணவக முதலாளி ஆறு நாள் வேலைக்கு ஐந்து நாள் சம்பளம் கொடுத்தது, கேட்டபோது ‘உன் கடதாசி இன்னும் சரிவரவில்லைத்தானே’ என்று சொன்னது, ஒரு நாள் கை வெட்டுப்பட்டபோது துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யச் சொன்னது எல்லாம் வரும். முப்பத்தைந்து வருடங்களுக்குப் பின்னரும் அந்த மனிதனைப் பற்றிச் சொல்லும்போது தம்பியின் குரல் மாறுகிறது. அவனுக்கு அவர் வைத்திருக்கும் பெயரை இங்கு எழுத முடியாது.

அந்தக் கதையை அவர் நியாயமாகக் கொண்டுவரும்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? கோப்பை கழுவியவனாக நின்றால் அந்தப் பையனுக்கு அவர் 17.20 கொடுக்க வேண்டும். முதலாளியாக நின்றால் அந்த உணவகக்காரனைத் திட்டும் உரிமையை விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முயல்கிறார்.

‘கடதாசி’ என்ற சொல் இன்னும் வேலை செய்கிறது. வெளிநாட்டு மாணவர் வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 24 மணித்தியாலம் மட்டுமே கல்லூரிக்கு வெளியே வேலை செய்யலாம் என்பது 2024 நவம்பர் முதலான விதி. அதற்கு மேல் செய்தால் விசாவுக்கு ஆபத்து. “கைக்காசு குடுக்கிறது அவங்கடை நன்மைக்குத்தான்” என்றார் தம்பி. மாணவன் விதியை மீறுவது வேறு, அவனுக்குரிய கூலி வேறு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் குடிவரவு நிலையைப் பார்ப்பதில்லை. முறைப்பாடு செய்ய இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஆனால் அந்தப் பையன் போக மாட்டான். போனால் தன் மணித்தியாலங்களையும் சொல்ல நேரிடும் என்று பயப்படுகிறான். ஊரில் காணியை ஈடுவைத்து அனுப்பிய தாய்தகப்பன் இருக்கிறார்கள். தம்பிக்கு இது தெரியும். அறுபது டொலர் என்ற தொகை இதைக் கணித்தே வைக்கப்பட்டது. வெளியே ஒரு கனேடிய மாணவனை அவ்விலைக்கு நிறுத்த முடியுமா என்று கேட்டேன். “அவங்கள் வரமாட்டாங்கள்” என்றார்.

பத்திரிகைக்காரனுக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். நான் பல வருடங்கள் பணியாற்றிய அலுவலகத்தில் பிராந்திய நிருபர்களுக்கு அச்சான செய்தியின் நீளத்தை அளந்து கொடுப்பனவு கொடுத்தார்கள். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டிச் சென்று அவர்கள் எழுதி அனுப்பியதை, இடமில்லையென்று மூன்றங்குலமாக வெட்டிய உதவி ஆசிரியன் நான். வெட்டிய ஒவ்வொரு அங்குலமும் அவர்களுடைய அரிசி என்பது தெரிந்தே வெட்டினேன். நிர்வாகத்திடம் ஒரு தடவையாவது எழுத்தில் கேட்டேனா? இல்லை. அதைத் தம்பியிடமும் சொன்னேன். “அப்ப ஏன் எனக்கு மட்டும் சொல்லுறியள்?” என்றார். அன்று வாய்மூடியிருந்ததால் இன்றும் மூடியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

துண்டுப்பிரசுரத்தை எழுதித் தருவதாகவே சொன்னேன், மூன்று விடயங்களுக்கு அவர் உடன்பட்டால். பையன்கள் வந்துபோகும் நேரத்துக்கு ஒரு கொப்பி. மணித்தியாலக் கூலி, காத்திருக்கும் நேரம் உட்பட. தடித்த கையுறையும் பெயரெழுதிய போத்தலும். விலை 340 என்று நானே போட்டு, அந்த விலை ஏன் என்பதற்கு ஒரு வரியும் எழுதியிருந்தேன்: ‘எமது பணியாளர்களுக்கு முழுக் கூலி வழங்கப்படுகிறது.’ அந்த வரியைப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டால் முந்தி குடுக்கேல்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்” என்றார்.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர் தங்கை துண்டுப்பிரசுரமொன்றைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். வேறு யாரோ எழுதியது; இரண்டு எழுத்துப்பிழைகள். விலை 239. ஸ்காபரோவில் இருக்கும் வாசகர்கள் எவராவது அதை எடுத்துக்கொண்டு போனால், காரை விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகுமுன் அங்கு நிற்கும் பையனிடம் எத்தனை மணிக்கு வந்தாய் என்று மட்டும் கேளுங்கள். நான் எழுதிய பிரதி இன்னமும் என்னிடம் இருக்கிறது. தம்பிக்கு வேண்டுமானால் இன்றும் இலவசமாக அனுப்பத் தயார்; என் தொலைபேசி எண் மாறவில்லை.